ஓடியும் ஓடாத பந்தயம்: திடல் குளறுபடிகளில் பணம் யாருக்குப் போகிறது?

2025 மே 31-ஆம் தேதி பினாங்கு பத்து கந்தோங் திடலில் கடைசிக் குதிரைப் பந்தயம் ஓடி முடிந்தது. அதை நடத்திய பினாங்கு குதிரைப் பந்தய மன்றம் 1864-இல் தொடங்கியது. சிங்கப்பூர் அதற்கும் முந்திக்கொண்டு, 2024 அக்டோபர் 5-இல் கிராஞ்சித் திடலின் கடைசிப் பந்தயத்தை நடத்திவிட்டது. திடல் போனாலும் பேச்சு போகவில்லை. ஜார்ஜ்டவுன் ஒட்டுக்கடைகளிலும் தமிழர்களின் புலனக் குழுக்களிலும் பழைய பந்தயக் காணொலிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி வருகிறது.

ஒரு காணொலியில் முப்பது குதிரைகள் ஓடுகின்றன. ஏழு குதிரைகள் முழுத் தூரத்தையும் ஓடி முடிக்கின்றன. முதலில் வந்த ஜாக்கி கொண்டாடத் தயாராகிறார். ஆனால் பந்தயமே நடக்கவில்லை என்று அறிவித்து, கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். இன்னொன்றில் எல்லாரும் பணம் கட்டிய குதிரை, கதவு திறந்த நொடியில் பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது. மற்றவை போயே போய்விடுகின்றன. அங்கே ஒரு காசுகூடத் திரும்பவில்லை. இது என்ன நியாயம்?

நியாயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, பந்தயம் என்ற ஏற்பாட்டை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

1. புறப்பாட்டு அதிகாரி. பந்தயத்தைத் தொடங்கிவைப்பவர். கதவைத் திறக்கும் பொத்தானோ கயிற்றை விடுவிக்கும் நெம்புகோலோ அவர் கையில் இருக்கும்.

2. ஸ்டீவர்டுகள். திடலின் நீதிபதிகள் என்றே சொல்லலாம். விசாரிப்பது, தண்டிப்பது, முடிவை மாற்றுவது எல்லாம் இவர்கள் அதிகாரம்.

3. விலக்கப்பட்ட குதிரை. புறப்பாட்டுக்கு முன்பே போட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. அதன்மேல் கட்டிய பணம் திரும்பும்.

4. செல்லாத பந்தயம். ஏற்பாட்டிலேயே பழுது ஏற்பட்டதால் முழுப் பந்தயமும் ரத்து. எல்லார் பணமும் திரும்பும். நாய்ப் பந்தயத்தில் இதை ‘நோ ரேஸ்’ என்றே கூவுவார்கள்.

5. எடை அறிவிப்பு. ஓடி முடித்த ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறுகிறார். எடை சரி என்று அறிவித்த பிறகுதான் பணம் பட்டுவாடா. அதுவரை டிக்கெட்டைக் கிழிக்கக் கூடாது.

இந்த ஐந்துக்கும் பின்னால் ஒரே கேள்விதான் இருக்கிறது: பழுது ஏற்பாட்டில் நேர்ந்ததா, விலங்கிடமும் சவாரியிடமும் நேர்ந்ததா? ஏற்பாட்டில் என்றால் மன்றம் பணத்தைத் திருப்ப வேண்டும். குதிரை முரண்டு பிடித்தாலோ ஜாக்கி கணக்குத் தப்பினாலோ பணம் கட்டியவர் தாங்க வேண்டும். நுணுக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறும். இந்த அடிப்படை பொதுவாக மாறுவதில்லை.

புறப்படும் இடத்தில்தான் பாதிக் கூத்து

முதல் காணொலி 1993 ஏப்ரல் 3-இல் இங்கிலாந்தின் எய்ன்ட்ரீ திடலில் நடந்த கிராண்ட் நேஷனல். தடை தாண்டும் பந்தயம் என்பதால் அங்கே கதவுகள் இல்லை; குறுக்கே கட்டிய நாடா மேலே எழும்பும், குதிரைகள் பாயும். முதல் முறை நாடா சிக்கிக்கொண்டது. எல்லாரையும் திரும்ப அழைத்தார்கள். இரண்டாம் முறை அது ஒரு ஜாக்கியின் கழுத்திலேயே சுற்றிக்கொண்டது. புறப்பாட்டு அதிகாரி சிவப்புக் கொடியை ஆட்டினார். கொடி விரியவே இல்லை. சற்றுத் தள்ளி நின்று அந்தக் கொடியைப் பார்த்துத் தன் கொடியை அசைக்க வேண்டியவரிடமிருந்தும் சைகை போகவில்லை. 39 குதிரைகளில் 30 ஓடத் தொடங்கிவிட்டன.

இனிதான் விசித்திரம். ஓட்டத்தை நிறுத்த ஆட்கள் ஓடிவந்து கைகளை ஆட்டினார்கள். அன்று சற்று முன்னர்தான் விலங்குரிமை ஆர்வலர்கள் திடலுக்குள் புகுந்து புறப்பாட்டைத் தாமதப்படுத்தியிருந்தார்கள். கையாட்டுகிறவர்களும் அவர்கள்தான் என்று நினைத்துச் சில ஜாக்கிகள் இன்னும் வேகமாக ஓட்டினார்கள். ஒரு சுற்று முடிந்ததும் பலர் விஷயம் புரிந்து நின்றுவிட, ஏழு குதிரைகள் ஏழு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட முழுத் தூரத்தையும் ஓடி முடித்தன. முதலில் வந்தது எஷா நெஸ். அதுவரையிலான கிராண்ட் நேஷனல்களில் இரண்டாவது மிக வேகமான நேரம். பதிவேட்டில் அதற்கு இடமில்லை.

ஏறத்தாழ 7.5 கோடி பவுண்டு பந்தயப் பணம் திரும்பியது. பழுது நாடாவிலும் கொடியிலும் மனிதத் தொடர்பிலும் இருந்தது. எந்தக் குதிரையும் தவறு செய்யவில்லை. பின்னர் ஒளிரும் மஞ்சள் நிறக் கொடிகள் வந்தன. கொடி காட்டும் ஆட்களும் கூடினர்.

இரண்டாவது காணொலி ஜப்பானின் ஹான்ஷின் திடல், 2015 ஜூன் 28. தகராசுகா கினென் பந்தயத்தை முந்தைய இரண்டு ஆண்டும் வென்ற கோல்ட் ஷிப் என்ற சாம்பல் நிறக் குதிரை மூன்றாம் முறைக்கு நிற்கிறது. அதை நம்பிக் கட்டிய பணம் சுமார் 1,200 கோடி யென். கதவு திறக்கிறது; கோல்ட் ஷிப் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது. இறங்கி ஓடத் தொடங்கும்போது மற்றவை வெகுதூரம் போய்விட்டன. பதினாறு குதிரைகளில் பதினைந்தாவதாக வந்தது.

ஏன் பணம் திரும்பவில்லை என்றால், கதவு சரியாகத் திறந்தது. கதவுகளை மின்காந்தம் பிடித்து வைத்திருக்கும். பொத்தானை அழுத்தினால் மின்சாரம் அற்று, எல்லாக் கதவுகளும் ஒரே கணத்தில் விரியும். அந்தக் கணத்திலிருந்து நடப்பதெல்லாம் குதிரையின் பொறுப்பு. ஒரு கதவு மட்டும் திறக்காமல் இருந்திருந்தால் கதையே வேறு.

மலேசியாவில் தடை தாண்டும் பந்தயம் கிடையாது. கதவிலிருந்து புறப்படும் சமதள ஓட்டம்தான். ஆகவே எய்ன்ட்ரீ நாடா இங்கே யார் கழுத்திலும் சுற்றாது. ஹான்ஷினில் நடந்தது எந்தத் திடலிலும் நடக்கும். நம் நாட்டு லாயங்களில் குதிரையைப் பேணும் சைஸ் வேலையைப் பார்த்தவர்களில் தமிழர்கள் பலர். காது பின்னால் படுப்பதையும் வால் வீசுவதையும் பார்த்தே குதிரையின் மனநிலையைச் சொல்லிவிடும் அறிவு அவர்களுடையது. குறுகலான பெட்டிக்குள், இருபுறமும் தகரத் தடுப்புக்கு நடுவே நிறுத்தப்பட்ட அரை டன் விலங்கு அது. பயந்தால் ஓடித் தப்பிப்பதே அதன் இயல்பு. ஓட வழியில்லாதபோது மேலே எழும்புகிறது.

சவாரி செய்பவரின் கணக்கு

குதிரைக்கு முடிவுக் கோடு எங்கே என்று தெரியாது. ஜாக்கிக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1957 கென்டக்கி டெர்பியில், உலகின் தலைசிறந்த ஜாக்கிகளில் ஒருவரான பில் ஷூமேக்கர், கேலண்ட் மேன் என்ற குதிரையில் முன்னேறி வந்துகொண்டிருந்தார். முடிவுக்கு அரை பர்லாங்கு முன்னால், அதாவது ஏறத்தாழ 100 மீட்டருக்கு முன்னால் நட்டிருந்த தூரக் கம்பத்தை முடிவுக் கம்பம் என்று நினைத்துச் சேணத்தில் எழுந்து நின்றுவிட்டார். ஒரு நொடியில் சுதாரித்து உட்கார்ந்தும் பயனில்லை. அயர்ன் லீஜ் மூக்களவில் வென்றது. ஜாக்கி கோட்டைத் தப்பாக நினைப்பதாகக் கனவு கண்டேன் என்று குதிரையின் உரிமையாளர் பந்தயத்துக்கு முன்பே சொல்லியிருந்தார் என்பது இன்றும் சொல்லப்படும் கதை.

ஸ்டீவர்டுகள் ஷூமேக்கரை 15 நாள் இடைநீக்கம் செய்தார்கள். கேலண்ட் மேன் டிக்கெட்டுகள் தோற்ற டிக்கெட்டுகளாகவே இருந்தன. கம்பம் சரியான இடத்தில்தான் இருந்தது.

2002 ஜனவரியில் இங்கிலாந்தின் சவுத்வெல் திடலில் ஏழு குதிரைகள் தடை தாண்டப் புறப்பட்டு, ஒவ்வொன்றாக விழுந்தோ முரண்டு பிடித்தோ, ஏழும் ஆட்டத்திலிருந்து போய்விட்டன. ஏ.பி. மெக்காய் என்ற புகழ்பெற்ற ஜாக்கியும் ஃபேமிலி பிசினஸ் என்ற தன் குதிரையிலிருந்து விழுந்தவர்தான். மற்ற யாரும் ஓடவில்லை என்று தெரிந்ததும் மீண்டும் ஏறி, மிச்சத் தூரத்தை நிதானமாகத் தாண்டி வென்றார். அன்றைய விதிப்படி அது செல்லும். விழுந்த குதிரைக்கு உள்காயம் இருக்கலாம் என்பதால், 2009-இல் பிரிட்டன் மறு ஏற்றத்தைத் தடை செய்தது. வேடிக்கை குறைந்திருக்கலாம், என் கணிப்பில் அது சரியான முடிவு.

ஆளில்லாத குதிரை ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது?

காணொலி பார்ப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. ஜாக்கியைத் தள்ளிவிட்ட குதிரை நிற்பதில்லை; சில நேரம் எல்லாரையும் முந்திக் கோட்டையும் கடக்கிறது. விடை எளிது. குதிரை மந்தை விலங்கு. மந்தை ஓடினால் ஓடும்; பின்தங்கியதைப் புலி பிடிக்கும் என்ற பழைய அச்சம் அதன் இரத்தத்தில் இருக்கிறது. முதுகில் 55 கிலோ குறைந்துவிட்டதால் இன்னும் சுகமாக ஓடுகிறது. ஆனால் சவாரி இல்லாமல் கோட்டைக் கடந்தால் அது கணக்கில் வராது.

அப்படி ஓடிய ஒரு குதிரைதான் பந்தய வரலாற்றின் மிகப் பெரிய குளறுபடியை உண்டாக்கியது. 1967 கிராண்ட் நேஷனலில் பாப்ஹாம் டவுன் முதல் தடையிலேயே ஜாக்கியை இழந்தது. மந்தையோடு ஓடிக்கொண்டே வந்து 23-ஆம் தடையின் முன்னால் சட்டென்று குறுக்கே திரும்பியது. பின்னால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்றாக மோதின. சில ஜாக்கிகள் குதிரை இல்லாமல் தாங்கள் மட்டும் தடைக்கு அந்தப்பக்கம் போய் விழுந்தார்கள். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இது மற்ற எல்லாருக்கும் சேர்த்துப் பறித்துவிட்டது. இத்தனைக்கும் அந்தத் தடை ஒன்றரை மீட்டர் உயரம்கூட இல்லை. அத்திடலின் சிறிய தடைகளில் ஒன்று.

வெகு பின்னால் வந்துகொண்டிருந்த ஃபாய்னவோனுக்கு மட்டும் பார்த்து ஒதுங்க நேரம் இருந்தது. ஜாக்கி ஜான் பக்கிங்ஹாம் ஓர் இடைவெளியைக் கண்டு தாண்டினார். மற்றவர்கள் குதிரையைப் பிடித்து ஏறி வருவதற்குள் ஃபாய்னவோன் எட்டிப் போய்விட்டது. எவரும் பிடிக்க முடியவில்லை. வெல்லும் என்று நம்பாததால் அதன் பயிற்சியாளர் எய்ன்ட்ரீக்கே வரவில்லை. வேறொரு திடலில் இருந்தார். 1984 முதல் அந்தத் தடைக்கு ஃபாய்னவோன் என்றே பெயர்.

பந்தயம் ரத்தாகவில்லை. குறுக்கே வந்தது குதிரை, ஏற்பாடு அல்ல. பணக் கணக்கு இன்னும் சுவையானது. பந்தய முகவர்கள் ஒன்றுக்கு நூறு கொடுத்தார்கள். எல்லார் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து வென்றவர்களுக்குப் பிரிக்கும் ‘டோட்’ முறையில் கட்டியவர்களுக்கு ஒன்றுக்கு 444 கிடைத்தது. காரணத்தைக் கீழே, மலேசியப் பகுதியில் சொல்கிறேன்.

நாய்களின் திடல்

மலேசியாவில் இன்று நாய்ப் பந்தயத் திடல் இல்லை. மக்காவ் திடலும் 2018-இல் மூடப்பட்டது. ஆனாலும் குளறுபடிக் காணொலிகளில் பெரும்பங்கு நாய்களுடையது. காரணம், அங்கே கடிவாளமும் இல்லை, ஜாக்கியும் இல்லை. கிரேஹவுண்ட் மோப்பத்தால் அல்ல, கண்ணால் வேட்டையாடும் நாய். ஓடுகிற எதையும் துரத்தும். 1919-இல் அமெரிக்காவின் எமரிவில்லில், ஓவன் பேட்ரிக் ஸ்மித் உருவாக்கிய இயந்திர முயலை வைத்துத் திடல் அமைத்தார்கள்; 1926 ஜூலை 24-இல் மான்செஸ்டரின் பெல் வியூ திடலில் அது பிரிட்டனுக்கு வந்தது. தண்டவாளத்தில் மின்மோட்டார் இழுக்கும் பொம்மை முயல். உயரமான அறையிலிருந்து ஒருவர் அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறார். முந்தி ஓடும் நாய்க்குச் சில மீட்டர் முன்னால் அது எப்போதும் இருக்க வேண்டும்.

முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தால் தெரியும் என்பது நம் பழமொழி. திடலில் அந்த முயலைப் பிடித்துவிட்டால் பந்தயமே போச்சு. இங்கே மூன்று வகைப் பழுதுகள் உண்டு.

1. முயல் நின்றுவிடுவது. மோட்டார் பழுதானால் நாய்கள் பொம்மையைப் பிடித்துக் குதறும். முடிவுக் கோட்டைப் பற்றி அவற்றுக்கு ஒரு கவலையும் இல்லை. செல்லாத பந்தயம், பணம் திரும்பும்.

2. முயல் சுற்றி வருவது. விழுந்து எழுந்த நாய் ஒன்று எதிர்ப்பக்கம் திரும்பி நின்று, முயல் வட்டமடித்துத் தன்னிடமே வருவதற்காகக் காத்திருக்கும். வேட்டை அறிவுப்படி அதுதான் புத்திசாலி. பந்தய விதிப்படி அது மற்ற நாய்களின் பாதையை மறித்துப் பந்தயத்தையே கெடுக்கிறது.

3. சண்டை. ஓடும்போதே பக்கத்து நாயின் பக்கம் தலையைத் திருப்பி மோதுவது. முயலைவிட அண்டை நாய் முக்கியமாகிவிட்ட நிலை.

நோ ரேஸ் விதி எப்படிக் கொடுக்கும், எப்படிப் பறிக்கும் என்பதற்கு மிக் தி மில்லர் என்ற அயர்லாந்து நாயைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1929-இல் லண்டன் ஒயிட் சிட்டி திடலில் நடந்த நாய்களுக்கான டெர்பி இறுதிப் போட்டியில் முதல் வளைவில் நாய்கள் மோதிக்கொண்டன. பலட்டினஸ் முதலில் வந்தது; மிக் தோற்றது. நோ ரேஸ் என்று அறிவித்து மீண்டும் ஓடவிட்டார்கள், மிக் வென்றது. 1930-லும் வென்றது. 1931 இறுதியில் வயதான மிக் எல்லாரையும் முந்தி வந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆனால் பின்னால் ரைலண்ட் ஆர் என்ற நாய் சண்டையிட்டதால் அதுவும் நோ ரேஸ். மறு ஓட்டத்தில் களைத்த மிக்கால் முடியவில்லை. செல்டம் லெட் வென்றது. இரண்டு தீர்ப்பும் ஒரே விதியின் கீழ் வந்தவை. என்றாலும், அரை நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிய நாய்களை அதே இரவில் மறுபடி ஓடவைப்பது இளம் நாய்க்குச் சாதகம், மூத்த நாய்க்குத் தண்டனை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு நாளில் ஓடவிடுவதே நேர்மை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1937 டிசம்பரில் லண்டனை அடுத்த ரோம்ஃபர்டில் ஒரு படி மேலே போய், கென்யாவிலிருந்து கொண்டுவந்த சிவிங்கிப்புலிகளை நாய்த் திடலில் ஓடவிட்டார்கள். நாய்களை அவை எளிதாக முந்தின. ஆனால் சிவிங்கிப்புலிகளை ஒன்றோடொன்று மோதவிட்டபோது உற்சாகமே இல்லை. முன்னால் ஒன்று ஓடினால் வேட்டையை அது பார்த்துக்கொள்ளும் என்று மற்றது ஓட்டத்தைத் தளர்த்திவிட்டது. போட்டி என்பது மனிதனின் எண்ணம். அந்த விலங்குக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

கோட்டுக்குப் பிறகும் முடிவு மாறலாம்

முடிவுக் கோட்டுப் படக்கருவி சாதாரணமாகப் படம் எடுப்பதில்லை. கோட்டின் மெல்லிய கீற்றை மட்டும் விடாமல் பதிவு செய்கிறது. அதனால் அந்தப் படத்தில் இடமிருந்து வலமாகத் தெரிவது தூரம் அல்ல, நேரம். அதிலும் பிரிக்க முடியாவிட்டால் சமன். 1944-இல் நியூயார்க்கின் அக்வடக்ட் திடலிலும் 1956-இல் மெல்பர்னின் ஃபிளெமிங்டனிலும் மூன்று குதிரைகள் சமனாக வந்தன. சமன் என்றால் பரிசுக் கூட்டுத்தொகை பிரிந்துவிடும். வென்றும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே கைக்கு வரும்.

2017 ஜூலையில் இங்கிலாந்தின் யார்மத் திடலில் மேண்டரின் பிரின்சஸ் என்ற இரண்டு வயதுக் குதிரை ஒன்றுக்கு ஐம்பது என்ற விலையில் வென்றது. பந்தயத்துக்குப் பின் கழுத்திலுள்ள மின்னணு அடையாளச் சில்லை மறுபடி சோதித்தபோது, ஓடியது அதுவே அல்ல. அதே லாயத்தைச் சேர்ந்த மூன்று வயது மில்லிஸ் கிஸ் என்று தெரிந்தது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் ஓட்டத்தில் நான்காம் ஆண்டுப் பிள்ளையைச் சேர்த்துவிட்டது போன்ற நிலை. லாயத்திலிருந்து ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் எடை அறிவிப்பு ஏற்கெனவே வந்துவிட்டதால் பந்தயக் கணக்கில் அன்றைய முடிவே நின்றது. குதிரையின் தகுதி நீக்கம் பிறகு வந்தது. பணம் கட்டியவரைப் பொறுத்தவரை எடை அறிவிப்புதான் கதவு. அது மூடிய பிறகு வரும் உண்மை அவர் டிக்கெட்டைத் தொடாது.

மலேசியக் கணக்கு

1953-ஆம் ஆண்டின் பந்தயச் சட்டப்படி இங்கே தனியார் பந்தய முகவர் தொழில் குற்றம். சட்டத்துக்கு உட்பட்டது, மன்றங்கள் வழி நடக்கும் ‘டோட்’ மட்டுமே; அதற்கென்று 1961-இல் தனிச் சட்டம் வந்தது. டோட் எப்படி நடக்கிறது?

1. எல்லார் பணமும் ஒரே கூட்டுத்தொகையாகச் சேர்கிறது.

2. வரியும் செலவும் கழிகின்றன.

3. மிச்சம், வென்ற டிக்கெட்டுகளுக்குப் பிரிகிறது. டிக்கெட் குறைவாக இருந்தால் பங்கு பெரிது.

ஃபாய்னவோனுக்கு 444 வந்தது இதனால்தான். முகவர் தன் கையிலிருந்து விலை சொன்னார், நூறோடு நின்றார். டோட்டில் விலை சொல்ல யாரும் இல்லை. ஏறத்தாழ யாருமே கட்டாத குதிரை வென்றதால் முழுத் தொகையும் சிலருக்கே போனது. செல்லாத பந்தயம் ஏற்பட்டால் இதே முறையில் கணக்கும் எளிது: கூட்டுத்தொகையைத் திறந்து, பத்து ரிங்கிட் கட்டியவருக்குப் பத்து ரிங்கிட் திருப்ப வேண்டியதுதான்.

இனி சுங்கை பீசியில் சிலாங்கூர் மன்றத்தின் பந்தயமோ ஈப்போ பந்தயமோ பார்க்கும்போது, அல்லது புலனத்தில் ஒரு காணொலி வரும்போது, வரிசையாக மூன்றைப் பாருங்கள். கதவும் கொடியும் முயலும் ஒழுங்காக வேலை செய்தனவா? சவாரி சேணத்திலேயே இருந்தாரா? எடை அறிவிப்பு வந்துவிட்டதா? பெரும்பாலான சண்டைகள் இந்த மூன்றில் தீர்ந்துவிடும்.

எந்த விதியிலும் அடங்காத ஒரு குதிரையையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானின் கோச்சித் திடல் கடனில் மூழ்கி மூடும் நிலையில் இருந்தபோது, ஹாரு உராரா என்ற பெண் குதிரை அங்கே தோற்றுக்கொண்டே இருந்தது. மொத்தம் 113 ஓட்டம். ஒன்றிலும் வெற்றி இல்லை. 2004 மார்ச் 22-இல் நாட்டின் முதல்தர ஜாக்கி யுதகா தகே அதில் ஏறினார். அந்தச் சிறிய திடலில் ஏறத்தாழ 13,000 பேர் கூடினார்கள். பதினோரு குதிரைகளில் பத்தாவதாக வந்தது. அதன் தோற்ற டிக்கெட்டுகளை மக்கள் கிழிக்கவில்லை. காரில் தாயத்துப் போல வைத்துக்கொண்டார்கள். ஜப்பானிய மொழியில் பரிசு விழுவதற்கும் வண்டி மோதுவதற்கும் ஒரே சொல். நமக்கும் அப்படித்தானே: நம்பரும் அடிக்கும், காரும் அடிக்கும். அந்தச் சீட்டு ஒருபோதும் அடிக்காது.